பூஞ்சைப் புரதம் டி செல்லைத் தூண்டுகிறதா? முதன்முறை சோதிப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு பூஞ்சைப் புரதத்தின் பெயரைக் கொடுத்து, "இது செல்வழி நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறதா என்று பார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது, டி செல் என்ற வெள்ளணு அந்தப் புரதத்துக்குப் பதில் தருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் அந்தக் கிட்டைப் பற்றி மட்டும் பேசும். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதி, கடைசியில் பலித்த வழியை மட்டும் சொல்லும். எதற்கு முன்னால் எதைச் செய்ய வேண்டும், எந்த இடத்தில் மாதங்கள் கரையும், எந்த இடத்தில் பணம் வீணாகும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பூஞ்சை விஷயத்தில் பதில் கிடைப்பது மிக எளிது. அந்தப் பதில் புரதத்துக்குத்தான் வந்ததா, அதைத் தந்தது டி செல்தானா என்று காட்டுவதுதான் கடினம். பூஞ்சைச் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கான், மேனான் போன்ற சர்க்கரைத் தொடர்கள் டெக்டின்-1 முதலான ஏற்பிகள் வழியாக மோனோசைட்டுகள் என்ற வேறு வெள்ளணுக்களை நேரடியாக எழுப்பிவிடும். அவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-12 என்ற சமிக்ஞைப் புரதம் இயற்கைக் கொல்லிச் செல்களைத் தட்டி எழுப்பும். டி செல்லின் பதிலாக நாம் அளக்கும் இன்டர்ஃபெரான் காமாவை அந்தக் கொல்லிச் செல்களும் சுரக்கும். டி செல் இதில் எதையுமே செய்யாமல், சுரக்கும் செல்களைப் புள்ளிகளாகக் காட்டும் உங்கள் சோதனைத் தட்டில் புள்ளிகள் நிறைந்துவிடும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எந்தப் பூஞ்சை, எந்தப் புரதம், யாருடைய இரத்தம், எந்தச் சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்): இந்த நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். அதை எழுத முடியாதவரை எதையும் வாங்காதீர்கள்.

யாருடைய இரத்தம் என்பது ஏன் முக்கியம்? காண்டிடா அல்பிகன்ஸ் நம் குடலிலும் வாயிலும் குடியிருப்பது. ஆரோக்கியமான பெரியவர்களில் பெரும்பாலோரிடம் அதற்கான நினைவு டி செல்கள், அதாவது அதை முன்பே சந்தித்துப் பழகியவை, இருக்கும். ஆகவே நலமாக இருப்பவரின் இரத்தத்தில் பதில் வந்தால் அது நோயின் அடையாளம் அல்ல. காக்சிடியாய்ட்ஸ் அப்படியல்ல. அந்தப் பூஞ்சை மண்ணில் வாழும் வறண்ட பகுதிகளில் இருந்தவர்களிடம்தான் நினைவுப் பதிலை எதிர்பார்க்கலாம். காண்டிடாவுக்கு "இதுவரை சந்திக்காதவர்" என்ற கட்டுப்பாடு (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) வேண்டுமென்றால் பெரியவர்களிடம் தேடிப் பயனில்லை, தொப்புள்கொடி இரத்தத்தைத்தான் நாட வேண்டும்.

சைட்டோகைனிலும் இதே கவனம் தேவை. காண்டிடாவுக்கான நினைவுச் செல்களில் இன்டர்லியூக்கின்-17 சுரப்பவை கணிசமானவை. இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் அளந்துவிட்டு "பதில் இல்லை" என்று முடிவு கட்டினால், அந்தப் பங்கு கண்ணில் படாமலேயே போய்விடும். இரண்டையும் அளக்கத் திட்டமிடுங்கள்.

உங்கள் புரதம் புதியது என்றால், ஏற்கெனவே டி செல் பதில் காட்டப்பட்ட ஒரு புரதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். காண்டிடாவில் எம்பி65, ஏஎல்எஸ்3, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில் சிஆர்எஃப்1, கிரிப்டோகாக்கஸில் எம்பி98, ஹிஸ்டோபிளாஸ்மாவில் வெப்ப அதிர்ச்சிப் புரதம் 60 ஆகியவை நன்கு அறியப்பட்டவை. சிஆர்எஃப்1-ஐ அடையாளம் காணும் சில டி செல்கள் காண்டிடாவுக்கும் பதில் தருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் புரதத்துக்கு வரும் பதில், குடலில் இருக்கும் காண்டிடா பழக்கிவிட்ட செல்களிடமிருந்தும் வரலாம்.

2. அனுமதிக் கோப்பை முதல் நாளே தொடங்குங்கள்

பரிசோதனையைவிட நீண்ட காலம் பிடிப்பது இதுதான். நெறிமுறைக் குழு மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ கூடும். ஒரு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். ஆன்டிஜென் (டி செல்லுக்குக் காட்டப்போகும் உங்கள் பூஞ்சைப் புரதம்) தயாராகட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு வேலையும் இணையாக ஓட வேண்டும்.

தேவைப்படும் ஆவணங்கள் இவை: மனித இரத்த மாதிரிக்கான நெறிமுறைக் குழு அனுமதி, கொடையாளிக்குப் புரியும் மொழியில் அவருடைய ஒப்புதல் படிவம், உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி, பூஞ்சை இனத்தையோ பிளாஸ்மிடையோ வேறு ஆய்வகத்திலிருந்து பெறுகிறீர்கள் என்றால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், அது எல்லை தாண்டி வருகிறது என்றால் இறக்குமதி அனுமதி.

ஒப்புதல் படிவத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். "ஒருமுறை இரத்தம் எடுக்கப்படும்" என்று மட்டும் எழுதிவிட்டால், பிறகு செல்களை உறைய வைத்துச் சேமிக்க முடியாது, எச்எல்ஏ வகை (ஆன்டிஜெனை டி செல்லுக்குக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறும் மூலக்கூறு) பார்க்க முடியாது, மிச்சத்தை அடுத்த ஆய்வுக்குப் பயன்படுத்தவும் முடியாது. இந்த மூன்றையும் தனித்தனி வரியாக, கொடையாளி வேண்டுமென்றால் மட்டும் ஒப்புக்கொள்ளும்படி, முதல் படிவத்திலேயே சேருங்கள். எத்தனை மில்லிலிட்டர், எத்தனை முறை என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இரத்த வங்கியில் மிஞ்சும் வெள்ளணு அடுக்கை வாங்கிப் பயன்படுத்துவதானாலும் குழுவிடம் தெரிவிக்காமல் தொடங்காதீர்கள்.

கொடையாளியிடம் கேட்க வேண்டிய சிறு வினாத்தாளையும் இத்துடன் இணையுங்கள். ஸ்டீராய்டோ நோய் எதிர்ப்பை அடக்கும் வேறு மருந்தோ எடுக்கிறாரா, அண்மையில் பூஞ்சைத் தொற்று வந்ததா, பூஞ்சை எதிர்ப்பு மருந்து உட்கொண்டாரா என்பவை போதும். ஸ்டீராய்டு எடுப்பவரின் செல்கள் அமைதியாக இருந்தால் அதை உங்கள் புரதத்தின் தோல்வியாக எழுதிவிடக் கூடாது.

உயிரிப் பாதுகாப்பில் ஒரே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. காண்டிடாவும் ஆஸ்பர்ஜில்லஸும் இரண்டாம் நிலை வசதியில் கையாளக்கூடியவை. காக்சிடியாய்ட்ஸை வளர்ப்பதற்கு மூன்றாம் நிலை வசதி வேண்டும். அதன் வித்துகள் காற்றில் கலந்து ஆய்வகப் பணியாளர்களுக்கே தொற்று ஏற்படுத்தக்கூடியவை. அந்த வசதி இல்லாதவர்கள் பூஞ்சையைத் தொடவே வேண்டாம். பூஞ்சையின் ஜீனை வேறு உயிரியில் வைத்துத் தயாரிக்கும் மறுசேர்க்கைப் புரதமோ, புரதத்தின் சிறு துண்டான பெப்டைடோ போதும்.

3. ஆன்டிஜென் எந்த வடிவில் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு.

முழுப் பூஞ்சையை நசுக்கி எடுக்கும் சாறு மலிவானது, விரைவானது. ஆனால் அதில் நூற்றுக்கணக்கான புரதங்களும் செல்சுவர்ச் சர்க்கரைகளும் கலந்திருக்கும். பரிசோதனை ஓடுகிறதா என்று பார்க்கவும், நேர்மறைக் கட்டுப்பாடாகவும் அது உதவும். உங்கள் கேள்விக்கு அது விடையாகாது.

இரண்டாவது, மறுசேர்க்கைப் புரதம். இங்கே காண்டிடா வைத்திருக்கும் பொறி ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏறத்தாழ எல்லா உயிரினங்களும் சியுஜி என்ற கோடானை (மூன்றெழுத்து மரபுக் குறியை) லூசின் என்ற அமினோ அமிலமாகப் படிக்கும். காண்டிடா அல்பிகன்ஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் அதைப் பெரும்பாலும் செரின் என்ற வேறொரு அமினோ அமிலமாகப் படிக்கின்றன. காண்டிடாவின் ஜீனை அப்படியே எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தால், புரதம் உருவாகும், ஜெல்லில் சரியான இடத்தில் பட்டை தெரியும், எல்லாம் சரியென்றே தோன்றும். ஆனால் செரின் இருக்க வேண்டிய இடங்களில் லூசின் உட்கார்ந்திருக்கும். டி செல் அடையாளம் காணும் துண்டு அந்த இடத்தில் அமைந்திருந்தால், பதில் வராமலே போகலாம். செயற்கை ஜீன் வாங்கும்போது ஒவ்வொரு சியுஜி-யையும் செரினுக்கான வேறு கோடானாக மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். "கோடான் ஒழுங்குபடுத்தல்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த மரபுக் குறியீட்டு அட்டவணையைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு, வந்த வரிசையை நீங்களே ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

அடுத்த முடிவு, எந்த உயிரியில் தயாரிப்பது என்பது. ஈ.கோலை மலிவு, விரைவு. ஆனால் அது பூஞ்சைப் புரதத்தின்மேல் இருக்கும் மேனோஸ் சர்க்கரைகளைச் சேர்க்காது. கிரிப்டோகாக்கஸின் மேனோபுரதங்களில் அந்தச் சர்க்கரைதான் டென்ட்ரைட் செல்கள் (ஆன்டிஜெனை டி செல்லுக்கு எடுத்துக் காட்டுபவை) புரதத்தைப் பிடித்து விழுங்கக் கைப்பிடியாக இருக்கிறது. அதை நீக்கினால் டி செல் பதில் குறைந்துவிடுகிறது. பிக்கியா ஈஸ்ட்டில் தயாரித்தால் மேனோஸ் கிடைக்கும், ஆனால் அது இயற்கைப் பூஞ்சையின் அமைப்பு அப்படியே அல்ல, காலமும் கூடுதல். பணம் இருந்தால் இரண்டிலும் தயாரித்து ஒப்பிடுங்கள் என்பேன். இல்லையென்றால், சர்க்கரை முக்கியம் என்று ஏற்கெனவே தெரிந்த புரதத்துக்கு ஈஸ்ட், மற்றவற்றுக்கு ஈ.கோலை.

மூன்றாவது, பெப்டைடு தொகுப்பு. பதினைந்து அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று பதினொன்று படியும்படி அடுக்குவது வழக்கம். 400 அமினோ அமிலப் புரதத்துக்கு 98 பெப்டைடுகள் தேவைப்படும். செலவில் இதுதான் பெரும்பாலும் முதலிடம். ஆனால் எண்டோடாக்சின் (ஈ.கோலையின் செல்சுவரிலிருந்து வரும் நச்சு) தொல்லையும் சர்க்கரைக் குழப்பமும் இதில் மிகக் குறைவு. "புரதத்துக்குத்தான் பதில்" என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. முதல் சுற்றுக்கு உயர் தூய்மை வாங்க வேண்டியதில்லை. பதில் வரும் துண்டுகளை மட்டும் பிறகு உயர் தூய்மையில் வாங்குங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைக்கும்போது, செல்களுக்குச் சேரும் இறுதி அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டாமல் கணக்கிடுங்கள். தொகுப்பில் பெப்டைடுகள் கூடக்கூட டிஎம்எஸ்ஓ-வும் கூடும் என்பதைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் கவனிக்கிறார்கள்.

4. எண்டோடாக்சினை அளவிடுங்கள், ஆனால் சரியான சோதனையால்

ஈ.கோலையில் தயாரித்த எதிலும் அதன் எண்டோடாக்சின் ஒட்டிக்கொண்டு வரும். கணக்கைப் பாருங்கள். ஒரு மைக்ரோகிராம் புரதத்தில் ஓர் அலகு எண்டோடாக்சின் இருந்து, நீங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் புரதம் சேர்த்தால், செல்களுக்கு 10 அலகு, அதாவது ஏறத்தாழ ஒரு நானோகிராம் போய்ச் சேருகிறது. மோனோசைட்டுகள் எழுந்துகொள்ள அதுவே தாராளம். மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். டிரைட்டன் எக்ஸ்-114 கொண்டு பிரித்தெடுக்கும் முறை மலிவானது, நன்றாகவே வேலை செய்கிறது.

பூஞ்சை ஆய்வாளர்களுக்கென்றே உள்ள பொறி இதற்குப் பிறகு வருகிறது. எண்டோடாக்சினை அளக்கும் வழக்கமான எல்ஏஎல் சோதனை, குதிரைலாட நண்டின் இரத்தச் செல்களிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டது. அதில் ஃபாக்டர் சி எண்டோடாக்சினைக் காணும். ஃபாக்டர் ஜி பீட்டா குளூக்கானைக் காணும். இரண்டும் ஒரே நிறமாற்றத்தில் போய் முடியும். ஈஸ்ட்டில் தயாரித்த புரதத்தையோ பூஞ்சைச் சாற்றையோ இதில் வைத்தால், எண்டோடாக்சின் துளியும் இல்லாமலேயே எண் எகிறும். அதை நம்பி நல்ல புரதத்தைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்து, கடைசியில் கையில் எதுவுமில்லாமல் நிற்க நேரும்.

மறுசேர்க்கை ஃபாக்டர் சி மட்டும் உள்ள சோதனையை வாங்குங்கள், அல்லது எல்ஏஎல்-உடன் பீட்டா குளூக்கானைத் தடுக்கும் கரைசலைச் சேர்த்துச் செய்யுங்கள். தடுப்புக் கரைசலோடும் அது இல்லாமலும் ஒரே மாதிரியைச் சோதித்தால் இன்னொரு நன்மை உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, உங்கள் தயாரிப்பில் குளூக்கான் கலந்திருக்கிறதா என்பதையும் காட்டிக்கொடுக்கும். அந்தத் தகவல் உங்களுக்கு எப்படியும் வேண்டும்.

புரதம் விற்கும் நிறுவனம் தரும் சான்றிதழில் எந்த வகைச் சோதனை என்று எழுதியிருக்காவிட்டால், எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள்.

5. எவ்வளவு இரத்தம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 2 லட்சம் செல்கள். எட்டு நிபந்தனைகள் (ஏழாம் படியில் வருபவை), ஒவ்வொன்றும் மூன்று குழிகள் என்றால் 24 குழிகள், 48 லட்சம் செல்கள். இரண்டு சைட்டோகைன் என்றால் 96 லட்சம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 10 லட்சம் ஒற்றைக்கருச் செல்கள் (டி செல்லும் மோனோசைட்டும் அடங்கிய வெள்ளணுக்கள்) கிடைக்கும். உறைய வைத்து உருக்கும்போது பாதி போகலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கொடையாளிக்கு 20 மில்லிலிட்டர் கேட்க வேண்டும். நெறிமுறைக் குழு "ஏன் இத்தனை" என்று கேட்கும்போது இந்தக் கணக்கை அப்படியே கொடுங்கள். ஏற்றுக்கொள்வார்கள்.

ஹெப்பாரின் குழாயில் எடுங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அறை வெப்பநிலை போதும். எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். மறுநாள் வரை வைத்தால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வெள்ளணுக்கள் அடர்த்தி மாறி, நீங்கள் எடுக்கும் அடுக்கிலேயே வந்து கலந்துகொள்ளும். டி செல் பதில் மங்கிவிடும். மாலையில் வரும் இரத்தத்தை ஏற்பதில்லை என்று விதி வைத்துக்கொள்வது நல்லது.

உறைய வைத்த செல்களை உருக்கியவுடன் தட்டில் போடாதீர்கள். ஓர் இரவு இன்குபேட்டரில் ஓய்வு கொடுங்கள். காலையில் உயிருடன் இருப்பவற்றை எண்ணி, 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் குப்பியை விட்டுவிடுங்கள்.

வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் மனித சீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பெரியவர்களின் சீரத்தில் காண்டிடாவுக்கான ஆன்டிபாடிகள் இருக்கும். தொகுதிக்குத் தொகுதி அளவு மாறும். மூன்று நான்கு தொகுதிகளின் மாதிரி கேட்டுச் சோதித்து, அமைதியான ஒன்றைத் தேர்ந்து, ஆய்வு முழுவதற்கும் போதுமான அளவை ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள்.

6. நேரத்துக்கு ஏற்ற சோதனையைத் தேருங்கள்

அவசர விடை வேண்டுமென்றால் சிடி154 அளவிடல்; அது தூண்டப்பட்ட டி செல்லின் மேற்பரப்பில் தோன்றும் புரதம். ஆன்டிஜெனைச் சேர்த்து ஏழு மணி நேரத்தில், அதைக் கண்டுகொண்ட சிடி4 செல்களை (டி செல்லில் ஒரு வகை) ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற செல் எண்ணும் கருவியில் பார்த்துவிடலாம். காலையில் தொடங்கி இரவில் முடியும். கருவி நேரத்தை முன்பதிவு செய்யாமல் தொடங்கினால், சாயமிட்ட செல்களோடு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

எலிஸ்பாட் என்பது சைட்டோகைன் சுரக்கும் ஒவ்வொரு செல்லையும் தட்டில் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை. இன்டர்ஃபெரான் காமாவுக்கு அது 18 முதல் 24 மணி நேரம். இன்டர்லியூக்கின்-17-க்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக, 48 மணி வரை விடுகிறார்கள். பெருக்கத்தை அளக்கும் சாயச் சோதனைக்கு ஆறேழு நாள். அரிதான செல்களைப் பிடிக்க அதுதான் நல்லது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது எலிஸ்பாட். கருவி எளிது, செல் குறைவாகப் போதும், முடிவைக் கண்ணால் காணலாம்.

எலிஸ்பாட் தட்டை இன்குபேட்டரில் வைத்த பிறகு அசைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல் தன் அடியில் விட்டுச்சென்ற தடம். யாராவது கதவை வேகமாகச் சாத்தினால் செல் நகர்ந்துவிடும். வட்டமான, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மங்கும் புள்ளிக்குப் பதிலாக, ஒருபக்கம் வால் நீண்ட கறை வரும். எண்ணும் கருவி அதை இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணும். தட்டுகளை அடுக்காமல், அதிகம் திறக்காத இன்குபேட்டரில், "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டி வையுங்கள்.

தோலில் ஊசி போட்டு 48 மணி நேரத்தில் தடிப்பை அளக்கும் சோதனையும் இதே செல்வழிப் பதிலைத்தான் காட்டுகிறது. ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு என்பது வழக்கமான எல்லை. அதற்கு மருந்தாக உரிமம் பெற்ற தயாரிப்புகள் வேறு. ஆய்வகத்தில் நீங்கள் தயாரித்த புரதத்தை எவர் தோலிலும், உங்கள் தோலிலும், ஒருபோதும் செலுத்தாதீர்கள்.

7. கட்டுப்பாடுகளில் சிக்கனம் பிடிக்காதீர்கள்

இரத்தம் குறைந்துவிட்டால் புதியவர்கள் முதலில் வெட்டுவது கட்டுப்பாட்டுக் குழிகளைத்தான். கொடையாளிகளைக் குறையுங்கள், இவற்றைக் குறைக்காதீர்கள்.

ஊடகம் மட்டும் உள்ள குழி, பெப்டைடு தொகுப்பு (அது கைக்கு வந்த பிறகு), அதற்கு இணையான டிஎம்எஸ்ஓ குழி ஆகியவை கட்டாயம். உங்கள் புரதத்தோடு, அதே உயிரியில் அதே முறையில் சுத்திகரித்த தொடர்பில்லாத புரதம் ஒன்றும் வேண்டும், ஈ.கோலையின் மிச்சங்களுக்கு வரும் பதிலை அது காட்டிக்கொடுக்கும். செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று காட்ட பிஎச்ஏ போன்ற பொதுத் தூண்டி. நினைவுச் செல்கள் வேலை செய்கின்றன என்று காட்ட முழுக் காண்டிடாச் சாறு.

எட்டாவது குழி, உங்கள் புரதத்தோடு எம்எச்சி இரண்டாம் வகையைத் தடுக்கும் ஆன்டிபாடி. சிடி4 டி செல் ஆன்டிஜெனைக் காண்பது அந்த மூலக்கூறு வழியாகத்தான். அதை மறைத்ததும் புள்ளிகள் குறைந்தால், பதில் தந்தது டி செல். குறையாமல் அப்படியே இருந்தால், மோனோசைட்டும் இயற்கைக் கொல்லிச் செல்லும் சேர்ந்து உங்களை ஏமாற்றுகின்றன. நான்காம் படிக்குத் திரும்புங்கள். இந்த ஒரு குழி இல்லாத பூஞ்சை ஆன்டிஜென் முடிவை நான் நம்புவதில்லை. தடுப்பு ஆன்டிபாடியோடு, எதையும் தடுக்காத அதே வகை ஒப்பீட்டு ஆன்டிபாடியையும் ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள்.

8. எண்ணை எப்படிச் சொல்வது

எடுத்துக்காட்டாக, ஊடகக் குழிகளில் 4, 6, 5 புள்ளிகள். புரதக் குழிகளில் 21, 18, 24. சராசரிகளின் வேறுபாடு 16. குழிக்கு 2 லட்சம் செல் என்பதால் ஐந்தால் பெருக்கினால், பத்து லட்சம் செல்லுக்கு 80. எதை நேர்மறை என்பீர்கள் என்ற எல்லையை முதல் தட்டைப் போடுவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எல்லை வகுத்தால் அது உங்கள் ஆசைக்கு ஏற்பத்தான் வளையும்.

பதில் வந்தது என்பதை "பாதுகாக்கிறது" என்று எழுதாதீர்கள். டி செல் ஒரு புரதத்தை அடையாளம் காண்பதும், அப்படிக் காண்பது நோயைத் தடுப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு விலங்குச் சோதனையும் அதற்கான தனி அனுமதியும் வேண்டும்.

9. வாங்கும் வரிசை

முதல் மாதம்: அனுமதி விண்ணப்பங்கள், செயற்கை ஜீன், சீரம் மாதிரிகள். பணம் மிகக் குறைவாகச் செலவாகும் மாதம் இது. அடுத்து, புரதத் தயாரிப்பும் எண்டோடாக்சின் சோதனையும். ஈஸ்ட் என்றால் சில வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். எலிஸ்பாட் தட்டுகளையும் ஆன்டிபாடிகளையும் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, குழுவின் தாமதத்துக்காக அது காத்திருக்காது. பெப்டைடு தொகுப்பை, முழுப் புரதத்துக்கு இரண்டு மூன்று கொடையாளிகளிடம் பதில் தெரிந்த பிறகு ஆர்டர் செய்யுங்கள். தயாரித்து அனுப்பச் சில வாரம் ஆகும், அந்த இடைவெளியில் மற்ற கொடையாளிகளின் செல்களை உறைய வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். உலர்பனியில் வரும் பொட்டலங்களை வார இறுதியில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லாதீர்கள்.

ஒவ்வொரு புரதத் தொகுதியிலிருந்தும் சிறு குப்பிகள் சிலவற்றைத் தனியாக மைனஸ் 80 டிகிரியில் எடுத்து வையுங்கள். தொகுதி எண், தயாரித்த நாள், எண்டோடாக்சின் அளவு, எந்தச் சோதனையால் அளந்தது ஆகியவற்றைக் குப்பியிலும் நோட்டிலும் எழுதுங்கள். கட்டுரையைப் பரிசீலிப்பவர் ஓர் ஆண்டு கழித்து "குளூக்கான் இல்லை என்று எப்படித் தெரியும்" என்று கேட்பார். அப்போது அதே தொகுதியை எடுத்து மறுபடி சோதித்துக் காட்ட அந்தக் குப்பிகள் தேவைப்படும்.